வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? சொலவடையும் அதன் முறையும்

"சோறு ஆறிக்கிட்டிருக்கு, எழுந்து வா. உன்னை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?"

இந்த அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை குறைவு. அதட்டுகிறவரும் சரி, கேட்கிறவரும் சரி, வெற்றிலையை நினைப்பதே இல்லை. "உனக்கென்ன அத்தனை மரியாதை வேண்டியிருக்கு?" என்பதுதான் காதில் விழுகிறது. ஆனாலும் அந்த அதட்டலுக்கு ஒரு சுரீர் இருப்பதற்குக் காரணம், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது இன்றும் நடைமுறையில் இருப்பதுதான். கல்யாணத்துக்கு அழைக்கப் போன இடத்தில் தட்டு நீட்டிய விதம் சரியில்லை என்றால், அது பத்து வருடம் கழித்தும் பேச்சில் வரும். சொலவடையை எங்கே சொல்லலாம், அது எங்கிருந்து வந்தது, நிஜமாகவே ஒருவரை அப்படி அழைப்பதென்றால் என்னென்ன வேண்டும், எங்கே பிசகும் என்று பார்ப்போம்.

யாரிடம் சொல்லலாம்?

புழக்கத்தில் இதற்கு மூன்று சாயல் உண்டு. முதலாவது நேர்ப்பொருள். "வீடு தேடிப் போய் வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாச்சு, இனி வர்றதும் வராததும் அவங்க பாடு." இதில் கேலி கிடையாது. என் பக்கத்துக் கடமை முடிந்தது, இனிக் குறை சொல்ல இடமில்லை என்று சொல்கிறவர் தனக்கே சாட்சி வைத்துக்கொள்கிறார். இரண்டாவது, மேலே சொன்ன அதட்டல். உரிமையோடு வரவேண்டியவர் பிகு செய்யும்போது சொல்வது. மூன்றாவது, தானாகத் தேடிக்கொண்ட தொல்லையைச் சொல்வது: "சும்மா கிடந்த வம்பை வெத்தலை பாக்கு வச்சு அழைச்சுக்கிட்டான்." வராத ஒன்றை வருந்தி வரவழைத்தான் என்பது இதன் குத்தல்.

அதட்டல் சாயல் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும்தான் செல்லும். பிள்ளைகள், தம்பி தங்கை, நெருங்கிய நண்பர், கணவன் மனைவிக்குள் சொல்லிக்கொள்ளலாம். சம்பந்தி, மாப்பிள்ளை, தாய்மாமன், மாமியார் ஆகியோரிடம் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது. இவர்களெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்பட நிஜமாகவே உரிமை உள்ளவர்கள். "வைக்கணுமா?" என்று அவர்களைக் கேட்பது, அந்த உரிமை உங்களுக்கு இல்லை என்று சொல்வதற்குச் சமம். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவரிடம் சொல்லலாம், மேலதிகாரியிடம் கூடாது. "தாம்பூலம் வச்சு அழைக்கணுமா?" என்று திருத்தமாகச் சொன்னால் அதட்டலில் காரம் போய்விடும். "வெத்தலை பாக்கு" என்று பேச்சில் வந்தால்தான் உறைக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லதுக்கு அழைச்சாத்தான் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும் என்பது ஊர் வழக்கு. சாவுக்குச் சேதி சொல்லி அனுப்புவார்கள், தட்டு வராது. ஆகவே வெற்றிலைத் தட்டு வாசலில் தெரிந்தாலே, வாய் திறப்பதற்கு முன் விஷயம் நல்லது என்று தெரிந்துவிடும். அழைக்காத இடத்துக்குப் போகாமல் இருப்பதும் மரியாதையின் இன்னொரு பாதிதான். "மதியாதார் முற்றம் மதித்தொருகால் சென்று மிதியாமை கோடி பெறும்" என்ற ஔவையின் தனிப்பாடல் அடியைப் பெரியவர்கள் எடுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

வெற்றிலைக்கு இந்த இடம் எப்படி வந்தது?

தொடக்கத்தில் வெற்றிலை, சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கும் உபசாரம். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கோவலன் கடைசியாக உண்டு முடித்ததும் கண்ணகி அவனுக்கு "அம்மென் திரையலோடு அடைக்காய்" தருகிறாள். திரையல் என்பது வெற்றிலைச் சுருள், அடைக்காய் என்பது பாக்கு. அதன்பின் அவன் சிலம்போடு மதுரைக் கடைவீதிக்குப் போகிறான். நம்மாழ்வார் "உண்ணும் சோறு, பருகும் நீர், தின்னும் வெற்றிலை" என்று மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார். சோற்றுக்கும் தண்ணீருக்கும் அடுத்த இடம் அன்றைக்கே அதற்குக் கிடைத்துவிட்டது.

உபசாரமாக இருந்தது மரியாதைக்கு அடையாளமானதும், அதை மாற்றிச் செய்தால் அவமதிப்பாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணிக் கரையோரத் துறைமுகமான காயலைப் பற்றிச் சொல்லும்போது மார்க்கோ போலோ இதைக் குறிக்கிறார். ஊரார் எந்நேரமும் ஓர் இலையை வாயில் அடக்கியிருக்கிறார்கள். ஒருவனைக் கேவலப்படுத்த நினைத்தால் அந்தச் சாற்றை அவன் முகத்தில் உமிழ்கிறார்கள். உமிழப்பட்டவன் அரசனிடம் போய்ச் சண்டையிட்டுத் தீர்க்க அனுமதி கேட்கிறான் என்கிறார். நீட்டினால் கௌரவம், துப்பினால் பகை. அந்தக் காயலுக்குப் பக்கத்திலுள்ள ஆத்தூரில் இன்றும் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு.

அரசவையில் இது இன்னும் கறாரான முறையாயிற்று. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத்திலிருந்து, தைமூரின் மகனான மன்னர் ஷா ருக்கின் தூதராக 1443இல் விஜயநகரம் வந்த அப்துர் ரசாக், இரண்டாம் தேவராயரைச் சந்தித்துத் திரும்பும்போது கிடைத்ததைக் கணக்காக எழுதிவைத்திருக்கிறார்: இரண்டு கட்டு வெற்றிலை, பணம் என்ற அக்கால நாணயம் 500 கொண்ட பை, கூடவே கற்பூரம். விடைகொடுக்கும் நேரத்தில் வெற்றிலை வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அழைப்பதற்கும் அனுப்பிவைப்பதற்கும் ஒரே பொருள்தான். இன்றைய கல்யாண மண்டபத்தின் வாசலில் தேங்காயோடு கையில் திணிக்கும் தாம்பூலப் பை அந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது. பந்தி முடிந்தும் பேசிக்கொண்டே நிற்பவரிடம் பையைக் கொடுத்தால், கிளம்பலாம் என்று நாசூக்காகச் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது வேலை, உறுதி. இந்தியில் "பீடா எடுப்பது" என்றால் ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்வது. சபையில் வைத்த வெற்றிலைச் சுருளை எடுத்தவன் அந்தக் காரியத்துக்குப் பொறுப்பு. கன்னடத்தில் போருக்கு விடும் அழைப்புக்கே "ரணவீள்ய" என்று வெற்றிலையின் பெயர்தான். நம் ஊரில் நிச்சயதாம்பூலம் இதே வேலையைச் செய்கிறது. தட்டு மாற்றியபின் பின்வாங்கினால் வாக்குத் தவறியதாகப் பொருள். கிறித்தவர் வீட்டு அழைப்பிதழ்களிலும் அந்த நிகழ்ச்சிக்கு நிச்சயதாம்பூலம் என்ற பெயரே நிற்பதைப் பார்க்கலாம். நாதஸ்வரக்காரரையோ சமையல்காரரையோ பேசி அமர்த்தும்போதும், அச்சாரப் பணத்தை வெறுங்கையில் கொடுக்காமல் வெற்றிலை பாக்கின் மேல் வைத்துக் கொடுப்பது இதனால்தான்.

ஆக, வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது என்பதில் மூன்றும் கலந்திருக்கின்றன. நீட்டுவது உபசாரம். வாங்குவது உறுதி. நீட்டியும் வாங்காமல் விடுவது உறவை முறிப்பது. அச்சடித்த பத்திரிகை பரவுவதற்கு முன் அழைப்பு என்பதே இந்தத் தட்டும் வாய்ச்சொல்லும்தான். சிங்களவர்களிடமும் இதே வேர் உண்டு. பிக்குவைத் தானத்துக்கு அழைக்கப் போகும்போது, வழக்கமாக 40 வெற்றிலை கொண்ட "புலத் ஹுருல்ல" என்ற அடுக்கோடு போவார்கள்.

இலை வாங்குவது

அழைப்புக்கு இரண்டு வெற்றிலை, இரண்டு பாக்கு என்பது பொதுவான அளவு. ஒற்றை இலையாகக் கொடுப்பதில்லை. மொய்ப்பணம் 101, 501 என்று ஒற்றைப்படையில் முடிய வேண்டும். வெற்றிலையும் பாக்கும் பழமும் ஜோடியாக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கடையில் வெற்றிலை கவுளிக் கணக்கில் கிடைக்கும். கவுளிக்கு 100 இலை என்பது பரவலான கணக்கு. ஊருக்கு ஊர் கட்டின் அளவு மாறும், ஆகவே "கவுளிக்கு எத்தனை இலை?" என்று கேட்டுவிட்டே விலை பேசுங்கள். 150 வீடுகளுக்கு 300 இலை தேவை. மூன்று கவுளி போதும் என்று தோன்றும், போதாது. நுனி கிழிந்தது, புள்ளி விழுந்தது, காம்பு ஒடிந்தது என்று கட்டுக்குப் பத்துப் பதினைந்து இலையாவது கழியும். நான்கு கவுளி வாங்க வேண்டும். அதையும் ஒரே நாளில் வாங்கக்கூடாது. அழைப்பு பத்து நாள் நீளுமென்றால் இரண்டிரண்டு கவுளியாக இரண்டு தடவை வாங்குங்கள். நாலைந்து நாளில் இலை வாடத் தொடங்கிவிடும். வாடிய இலையைத் தட்டில் வைப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல்.

எந்த இலை? மெல்வதற்குக் கொழுந்து நல்லது, அழைப்புக்கு நடுத்தர முற்றல் நல்லது. கும்பகோணத்துக் கொழுந்து கையில் எடுத்தாலே மடங்கும் அளவு மெல்லியது, வெயிலில் ஒரு மணி நேரம் பையில் கிடந்தால் துவண்டுவிடும். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெள்ளைக்கொடி சற்றுத் தாங்கும். கற்பூரி வகை மணமுள்ளது. சோழவந்தானும் ஆத்தூரும் 2023லும் கும்பகோணம் 2025லும் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் தட்டில் வைக்கப் பெயரைவிடப் புதுமைதான் முக்கியம். பக்கத்துச் சந்தையில் அன்று காலை இறங்கிய இலையே உசத்தி.

இலையை எடுத்ததும் மூன்றைப் பாருங்கள். நுனி முழுதாக இருக்க வேண்டும். காம்பு ஒடியாமல் இருக்க வேண்டும், கறுத்திருந்தால் பழைய இலை. கட்டின் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாய்க் கொழகொழத்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. மேலே அழகாக அடுக்கி நடுவில் பழையதைச் செருகுவது கட்டு வியாபாரத்தில் நடக்கிற வேலை.

வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துவிடுங்கள். அழுகிய இலை ஒன்று இருந்தாலும் ஒட்டியிருக்கும் இலைகளைக் கெடுக்கும், அதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியிலோ வாழை இலையிலோ சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். பெரும்பாலோர் செய்யும் தவறு, பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுவது. உள்ளே வியர்த்து, மறுநாளே கறுப்புப் புள்ளி விழும். குளிர்பெட்டியில் வைப்பதானால் தாளிலோ துணியிலோ சுற்றி, காய்கறித் தட்டில் வையுங்கள். உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் இலை கருகிவிடும். கழுவுவதைக் கொடுக்கும் அன்று காலையில் செய்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஈரம் சொட்டும் இலை பத்திரிகையின் மையைக் கரைத்துவிடும்.

பாக்கில் கொட்டைப்பாக்குதான் முறை. முழுதாக, ஓட்டையில்லாமல், உலுக்கினால் சத்தம் வராததாகப் பாருங்கள். பூச்சி அரித்த பாக்கில் ஊசிமுனைத் துளை இருக்கும். சீவலும் களிப்பாக்கும் மெல்லும் பாக்குகள். இப்போது வாசனைப் பாக்குப் பொட்டலத்தை வைப்பவர்கள் அதிகம். வைக்கலாம், ஆனால் பொட்டலத்தில் புகையிலை கலந்த சரக்கு இல்லை என்று பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு அழைப்புத் தட்டில் வராது. அது மெல்லுவதற்கானது, வெற்றிலைச் செல்லத்தில் இருக்க வேண்டியது.

தட்டு

பித்தளையோ வெள்ளியோ எவர்சில்வரோ, விளிம்புள்ள தாம்பாளம். அகலமான தட்டை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறி இறங்குவது பெரும்பாடு. கைக்கடக்கமான ஒன்று போதும். சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், மஞ்சள்கிழங்கு, பூ, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, அதன்மேல் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மஞ்சளைக் குழைத்துத் தடவி நிழலில் காயவிட்டபின் அடுக்குங்கள். ஈரத்தோடு அடுக்கினால் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது பெயர் கிழியும்.

காம்பு யார் பக்கம், நுனி யார் பக்கம் என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு வேறு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு தடவை கேட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: இரண்டு இலையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாகக் கிடந்தால் அவசரத்தில் அள்ளிப் போட்டது என்பது பார்த்தவுடனே தெரியும்.

போவதும் சொல்வதும்

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கோ பிள்ளையாருக்கோ. அடுத்து, பெரும்பாலான குடும்பங்களில் தாய்மாமன். அதன்பின் பங்காளிகள், சம்பந்தி வழி, பிறகு ஊரார், நண்பர்கள், அலுவலகம். இந்த வரிசை பிசகினால் வரும் வருத்தம் தட்டில் எது குறைந்தாலும் வருவதில்லை. "தெருக்கோடி வீட்டுக்குக் கொடுத்தபின்தான் எனக்கு வந்ததா?" என்று கேட்டுவிட்டால் பதில் சொல்ல முடியாது. வழியிலிருக்கிறதே என்று தூரத்து உறவுக்கு முதலில் கொடுத்துவிட்டுப் போவதுதான் இதில் வழக்கமான சறுக்கல். ஒரே தெருவில் ஐந்து வீடு இருந்தால் ஒரே நாளில் ஐந்துக்கும் கொடுத்துவிடுங்கள். இரண்டை விட்டு, மறுநாள் வருகிறோம் என்றால் அந்த இரண்டு வீட்டுக்கும் இரவுக்குள் சேதி போய்விடும்.

கணவனும் மனைவியுமாகப் போவது சிறப்பு. மூன்று பேராகக் கிளம்புவதைப் பலரும் தவிர்க்கிறார்கள். நேரம் பார்ப்பவர் வீட்டுக்கு ராகுகாலத்தில் போய் நிற்காதீர்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வாங்குகிறவருக்கு இருக்கலாம். மனப்பாடத்துக்கு ஒரு வாக்கியம் உண்டு: "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா". ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள் 7.30க்குத் தொடங்கி, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30 என்று ஒன்றரை மணி நேரமாக நகரும். சாப்பாட்டு வேளையும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் ராகுகாலத்தைவிடக் கெட்ட நேரங்கள் என்பது எங்கள் கருத்து.

முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள். ஆனால் தொலைபேசியிலேயே கல்யாணத் தேதி, மண்டபம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால், நேரில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. "ஒரு நல்ல விஷயமா வீட்டுக்கு வர்றோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நலம் விசாரித்தபின் எழுந்து நின்று கொடுங்கள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நின்று கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. வீட்டுப் பெண்ணுக்குப் பெண் சந்தனம் குங்குமம் நீட்ட, தட்டை இருவரும் சேர்த்துப் பிடித்து, வீட்டாரும் இருவராக நின்று வாங்கினால் நிறைவு. ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவரிடமே கொடுங்கள். பிள்ளையிடம் கொடுத்து "அப்பா வந்தா குடுத்துடு" என்பது அழைப்பாகாது.

பழைய வழக்கம் கணவனை இழந்தவரிடம் தட்டு நீட்டாமல் தாண்டிப் போனது. அதை விட்டுவிடுவதுதான் சரி. வீட்டில் மூத்தவர் அவர் என்றால் தட்டு முதலில் அவருக்குத்தான். குங்குமம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும், சிமிழை நீட்டுவது உங்கள் வேலை. முஸ்லிம், கிறித்தவ வீடுகளுக்கு வெற்றிலையும் பழமும் பத்திரிகையும் போதும்.

சொல்லும் சொல் தட்டைவிட முக்கியம். இடம், நாள், நேரம் மூன்றையும் வாயால் சொல்லுங்கள். பத்திரிகையில் இருக்கிறதே என்று விடாதீர்கள். "எங்க பொண்ணு கல்யாணம். குடும்பத்தோட முன்னாடி நாளே வந்திருந்து, நடத்திக் குடுக்கணும்" என்பது தலைமுறைகளாகத் தேய்ந்து வழவழப்பான வாக்கியம், அதை மாற்றத் தேவையில்லை. "வாங்க" என்பதைவிட "நடத்திக் குடுங்க" என்பதில் பொறுப்பும் சேர்ந்து போகிறது. வீட்டில் உள்ள எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பது இன்னும் நல்லது: "பெரியம்மா, நீங்களும் வரணும், தம்பி, லீவு சொல்லிடுப்பா." தாத்தாவின் பெயர் விட்டுப்போனால், அவர் வரமாட்டார் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதாக ஆகும்.

செய்யக்கூடாதவை சில. உட்காராமல் "இன்னும் இருபது வீடு இருக்கு" என்று பரபரப்பது. கையில் பத்திரிகைக் கட்டோடு, இவர் பெயர் எது என்று அவர் கண்முன்னேயே தேடுவது. உறைமேல் பெயரில்லாமல் கொடுப்பது. இதைத் தவிர்க்க, அன்றைக்குப் போகும் வீடுகளின் வரிசைப்படி பத்திரிகைகளை அடுக்கி, தெருவாரியாக ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எழுந்து விடைபெறும்போது "போறோம்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வர்றோம்".

வாங்குகிறவர் முறை

நீட்டியதும் எழுந்து நின்று, மேல்துண்டு இருந்தால் சரிசெய்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். இடக்கையால் வாங்கக்கூடாது, வாங்கியதைத் தரையில் வைக்கக்கூடாது. பத்திரிகையை உடனே பிரித்து ஒரு வரியாவது படியுங்கள். பிரிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைப்பது கொடுத்தவரின் முகத்தை வாட்டும். வந்தவருக்குக் காப்பியோ மோரோ, அதுவும் வேண்டாம் என்றால் தண்ணீராவது. பெண்களுக்குக் குங்குமம் கொடுத்து அனுப்புவதும் உண்டு.

போக முடியாது என்று அப்போதே தெரிந்தாலும் தட்டைத் தள்ளாதீர்கள். வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டோம், எங்க ஆசீர்வாதம் உண்டு" என்று சொல்லலாம். வாங்க மறுப்பது வேறு சங்கதி, அது பகையை அறிவிப்பது.

வாங்கியதை மெல்ல வேண்டும் என்று எந்த முறையும் சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்குச் சுருளையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. வெற்றிலையை ரசத்தில் கிள்ளிப் போடலாம், பாக்கை அடுத்த தட்டுக்கு எடுத்துவைக்கலாம்.

பிசகும் இடங்கள்

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருவது, கதவிடுக்கில் செருகுவது இரண்டும் பின்னால் வம்பு. வெற்றிலை பாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே அவர்களுக்குப் பேசுங்கள்: "வாசல்ல நிக்கிறோம், எப்ப வந்தா இருப்பீங்க?" இரண்டாம் முறையும் முடியாமல் போனால் பத்திரிகையை அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பி, குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மணமகனோ மணமகளோ பேசினால் போதாது. அழைப்பது பெற்றவர்கள் கடமை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸாப்தான் வழி. அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பேசி அழையுங்கள், பேசி முடித்தபின் பத்திரிகைப் படத்தை அனுப்புங்கள். படத்தை முதலில் அனுப்பிவிட்டு இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டால் "பார்த்தேன்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். குழுவில் போட்டுவிட்டு "அனைவரும் இதையே நேரில் அழைத்ததாக ஏற்க வேண்டுகிறோம்" என்று எழுதுவது நண்பர்களுக்குச் செல்லும், மாமன் மச்சானுக்குச் செல்லாது. ஊரில் அவர்களுடைய அப்பா அம்மா இருந்தால் அந்த வீட்டுக்குத் தட்டோடு போய், "அவங்களுக்கும் சேர்த்து வச்சிருக்கோம்" என்று இரண்டு பங்காகக் கொடுங்கள்.

பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடுதான் மிகவும் கடினம். ஊர்ப்பெரியவர் ஒருவரை அல்லது இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய உறவினரை உடன் அழைத்துப் போங்கள். பழைய கதையைத் தொடாமல், வழக்கமான வாக்கியத்தை மட்டும் சொல்லித் தட்டை நீட்டுங்கள். அவர் கை நீட்டத் தயங்கினால் தட்டைத் திண்ணையிலோ மேசையிலோ வைத்துவிட்டு, "வச்சிருக்கோம்ணே, வரணும்" என்று சொல்லிவிட்டு வரலாம். இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் "வைத்து" அழைப்பது சொல்லுக்குச் சொல் உண்மையாக நடக்கும். உடன் வந்தவர் பின்னால் சாட்சி. அன்று மாலையே அந்த வீட்டிலிருந்து தட்டு திரும்பி வந்தால் மறுபடி போகாதீர்கள். வரவில்லை என்றால் பந்தியில் அவர்களுக்கும் இலை போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.